டூடா ஆயர் சொன்னால் சொன்னதுதான்

டூடாவின் அப்பா பன்றி மேய்த்தவர். நாள் முழுக்கக் காட்டில் இருந்தாலும் அவர் வாயிலிருந்து "ஹோய்" என்பதைத் தாண்டி ஒரு சொல் வராது. அந்த மனிதருக்குப் பிறந்த பிள்ளை, தொட்டிலை விட்டு இறங்கிய நாளிலிருந்து வாயை மூடவில்லை. ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்கும் பன்றிகளிடம் பேசினான். பன்றிகள் இடம் மாறிப் போய்விட்டால் மரத்திடம் பேசினான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அப்பா ஒரு நாள், "இவனை மடத்துல விட்டுரலாம். அங்க பேசக் கூடாதுன்னு சட்டமாம்" என்று அதிசயமாக இரண்டு வாக்கியம் பேசி, பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் மியர்விக் மடத்து வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

சட்டத்துக்கும் டூடாவுக்கும் நடந்த சண்டையில் சட்டம் தோற்றது. மற்றபடி நல்ல பிள்ளை. பொறாமை கிடையாது, பொய் சொல்லத் தெரியாது, யார் அழுதாலும் சேர்ந்து அழுவான். ஒரே ஒரு கோளாறு. மற்றவர்கள் பார்த்துவிட்டுப் பேசுவார்கள். டூடா பேசிவிட்டுப் பார்ப்பான். தொப்பியைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவான். தொப்பிக்குக் கீழே வேறு ஆள் இருந்தால் அது தொப்பியின் தப்பு.

இப்படிப்பட்டவர் ஆயராக ஆன கதை கேட்டால் எங்கள் சதுப்பு நாட்டின் பெருமை உங்களுக்கு விளங்கிவிடும். பழைய ஆயர் இறந்ததும், அந்த இடத்துக்கு இரண்டு மடாதிபதிகள் முட்டிக்கொண்டார்கள். இருவரும் தனித்தனியாக டூடா சாமியாரிடம் வந்து புலம்ப, இருவரிடமும் அவர், "நீங்க சொல்றதுதாங்க சரி" என்று மனதாரச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு அது சரியாகத்தான் பட்டது. கடைசியில், எனக்கு இல்லாவிட்டாலும் நம்ம ஆள் டூடாவுக்குக் கிடைக்கட்டும் என்று இருவருமே ராஜாவிடம் போய் நின்றார்கள். வெளியே மழை. சுட்ட ஆட்டுத்தொடை ஆறிக்கொண்டிருந்தது. ராஜா, "அவனையே போடுங்கய்யா" என்றார். பன்றிக்காரர் மகன் கையில் செங்கோல் வந்தது.

எண்ணெய் பூசிப் பட்டம் கட்டிய அன்று சாயங்காலம், ஆயர் வீட்டு நிர்வாகத்தைக் கவனிக்கும் பியோன்னா சாமியார் அவரைத் தனியே அழைத்துப் போனார். பியோன்னா மெலிந்த மனிதர். சிரித்தால் வரி கட்ட வேண்டும் என்பது போல முகம்.

"சாமி, இனிமே வாயைப் பாத்துத் திறக்கணும்."

"ஏன்யா, பல்லு எதுவும் தெரியுதா?"

"விளையாடாதீங்க. சாதாரண மனுசன் ஒண்ணு சொன்னா, சத்தியம் பண்ணணும். அவன் சத்தியம் சுத்தமானதுன்னு பன்னெண்டு பேரு பின்னால நின்னு சத்தியம் பண்ணணும். அப்பத்தான் மன்றத்துல ஏறும். ராஜாவுக்கும் ஆயருக்கும் அதெல்லாம் வேண்டாம். நீங்க சொன்னா சொன்னதுதான். எதுத்துப் பேச நாட்டுல ஒருத்தனுக்கும் உரிமை இல்ல. நீங்க காக்கா வெள்ளைன்னா அது வெள்ளைதான்."

"காக்கா கறுப்புதானய்யா?"

"அப்பாடா, தப்பிச்சிது காக்கா" என்றார் பியோன்னா.

ஆனால் எக்காவின் கிடா தப்பவில்லை. எக்கா எங்கள் ஊரில் வசதியான குடியானவன், கஞ்சன், வீம்புக்காரன். அவன் வளர்த்த செம்மறிக்கிடா ஒன்று, முடி நீண்டு, கொம்பு சுருண்டு, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். அதைச் சந்தைக்கு ஓட்டி வந்தபோது, தூரத்தில் கழுதைமேல் வந்துகொண்டிருந்த ஆயர் கையை ஆட்டி, "அடேயப்பா எக்கா! உன் வெள்ளாடு என்னமா கொழுத்திருக்கு!" என்று கத்தினார். பாசத்தோடு சொன்னதுதான். வாங்க வந்தவன் காதில் விழுந்தது. "ஆயரே சொல்லிட்டாரு. வெள்ளாட்டு விலைதான் தருவேன்" என்றான். எக்கா கிடாவின் ரோமத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினான், அது செம்மறிக் குரலில் கத்தியும் காட்டியது. யார் கேட்பது? சாகிற வரைக்கும் அந்தக் கிடா மியர்விக் கணக்கில் வெள்ளாடுதான். எக்கா அதை மறக்கவே இல்லை.

எக்காவுக்கு நட்டமானது இன்னொருவனுக்கு லாபமாயிற்று. அடுத்த வீட்டுப் பசுவைத் தண்ணிக்கு ஓட்டிப் போனவனிடம் ஆயர், "உன் பசு நல்லாருக்குப்பா" என்றார். அன்றிலிருந்து அது அவன் பசு. இதையெல்லாம் பார்த்து நடுங்கிப்போன டூடா, பேச்சைக் குறைக்க வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டார். ஒன்றை விழுங்கியும் விட்டார். அதற்கப்புறம் ஊரார் அவரைத் தேடி வருவது அதிகமானது. வழியில் நிறுத்தி, "சாமி, இந்த நிலத்தைப் பாருங்க, யாரு நிலம் மாதிரி இருக்கு?" என்பார்கள். ஆயர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார். சொந்த ஊரில் ஒரு மனிதன் இப்படி ஓட வேண்டியிருந்தது பாவம்தான். ஆனால் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

டெட்டா வீட்டில் மட்டும் அவர் வாய் அவர் பேச்சைக் கேட்காது. டெட்டா பார்லிக் கள் காய்ச்சுகிறவள். எக்காவின் தம்பி ஓஸ்மெரின் மனைவி. ஓஸ்மெர் மடையில் பறிக் கூடை கட்டி விலாங்கு மீன் பிடிப்பான், முன்பல் இரண்டு இல்லை, சோம்பேறி, நல்லவன். ஒரு பெருநாள் அன்று அந்தக் கள்ளை ஒரு குவளை குடித்த ஆயர், "அடியம்மா! இதைக் குடிச்சா செத்தவனும் எந்திரிச்சு உக்காருவான்!" என்றார். அவ்வளவுதான். டெட்டா குவளைக்கு விலையை ஏற்றிவிட்டாள். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிலர் நோய் இல்லாமலே வந்தார்கள்.

அந்த வசந்தத்தில் ஆற்றில் வெள்ளம். ஓஸ்மெர் உப்பு வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தான். வெள்ளம் வடிந்ததும் நாணலுக்குள் ஒரு பிணம் ஒதுங்கியது. உப்பிக் கிடந்தது, முகத்தில் துணி போட்டிருந்தார்கள். உடம்பில் கிடந்த அங்கி பாதி நீலம், பாதி மஞ்சள். அது டெட்டா ஓஸ்மெருக்குத் தைத்தது. கெட்டுப்போன கண்ணுக்கும் அரை மைலில் தெரியும். ஆயர் அரை மைலிலேயே பார்த்துவிட்டார்.

"ஐயையோ! நம்ம ஓஸ்மெரு! ஓஸ்மெரு போயிட்டானே!" என்று கழுதையிலிருந்து குதித்து, ஓ என்று அழுதுகொண்டே கோயிலுக்குப் போய்ப் பூசைக்கு மணி அடிக்கச் சொல்லிவிட்டார்.

டெட்டா ஓடி வந்து துணியை விலக்கினாள். "இது எம் புருசன் இல்ல. அவருக்கு முன்னால ரெண்டு பல்லு கிடையாது. இந்தப் பாவிக்கு வாய் நிறைய இருக்கு பாரு."

எக்கா மெதுவாகத் துணியை மூடினான். "ஆயர் சொல்லிட்டாரே, டெட்டா."

"யோவ், உன் கூடப்பொறந்தவனை உனக்குத் தெரியாது?"

"ஆயரை எதுத்துப் பேசினா பாவம்" என்றான் எக்கா. வாழ்க்கையிலேயே அவன் பாவத்துக்குப் பயந்தது அன்றைக்குத்தான். தம்பியின் வீடும் மீன் மடையும் சாயங்காலத்துக்குள் அவன் கைக்கு வந்துவிட்டன. டெட்டா கள் காய்ச்சும் கொட்டகையில் ஒதுங்கினாள். அடக்கப் பூசையெல்லாம் முடிந்துதான் அவள் சொன்னது ஆயர் காதுக்கு எட்டியது. பியோன்னாவோ, "துக்கத்துல உளர்றா சாமி, விடுங்க" என்றார். ஆயரும் விட்டுவிட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் விலாங்குக் குழம்பும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது, முதுகில் உப்பு மூட்டையோடு ஓஸ்மெர் வந்து நின்றான்.

"என்னப்பா, குழம்பெல்லாம் பலமா இருக்கு. யாரு செத்தது?"

பக்கத்திலிருந்தவன், "நீதான்" என்றான்.

"நானா? எப்ப?"

"வெள்ளத்துல. உன் அங்கியோட கரை ஒதுங்கின. அடக்கத்துக்கு நல்ல கூட்டம்."

ஓஸ்மெர் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தான். "எனக்காகத்தானே போட்டிருக்கு, நானும் கொஞ்சம் சாப்பிடுறேன். அந்த அங்கியைக் கடற்கரையில ஒரு பானை விக்கிறவன்கிட்ட சூதாட்டத்துல தோத்துட்டேன். இந்தப் பக்கமாத்தான் வர்றேன்னான். டெட்டாகிட்ட சொல்லிராதீங்க."

டெட்டா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். முதலில் கரண்டியால் அவன் மண்டையில் ஒன்று போட்டாள். அப்புறம்தான் கட்டிக்கொண்டு அழுதாள்.

பந்தியின் தலைப்பக்கம் இருந்த டூடாவுக்குத் தொண்டையில் ரொட்டி நின்றுவிட்டது. எக்காவுக்கு அப்படியெதுவும் நிற்கவில்லை. "யாருய்யா நீ? என் தம்பி செத்துட்டான். ஆயர் சொன்னாரு. ஆயர் சொன்னா சொன்னதுதான்" என்றான்.

"அண்ணே, நான்தான்ணே!"

"செத்தவங்க யாரும் என்னை அண்ணேன்னு கூப்பிட வேண்டாம்."

வழக்கு மன்றத்துக்குப் போனது. மன்றம் கூடும் வரை ஓஸ்மெரின் பாடு சொல்லி முடியாது. தன் வீட்டுக்குள் போனால் திருடன். மடையில் கை வைத்தால் திருடன். மனைவியின் கொட்டகையில் படுத்தான். உடனே பியோன்னா வந்து, விதவை வீட்டில் அந்நிய ஆண் தங்கினால் இருவருக்கும் ரொட்டியும் தண்ணீரும்தான் தண்டனை என்று சொல்லிவிட்டுப் போனார். "என் புருசன்கூட இருந்ததுக்குத் தண்டனை. இப்படி ஒரு சட்டத்தை எந்த நாட்டுல பாத்தீங்க?" என்று டெட்டா கொட்டகை வாசலில் நின்று கேட்டது ஆயர் வீடு வரைக்கும் கேட்டது.

ஆயர் அந்த நாட்களில் சாப்பிடவில்லை. கல்லறைக்குப் போய், ஓஸ்மெர் என்று பேர் சொல்லிப் புதைத்த குழிமேட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே கிடப்பவன் யார் பெற்ற பிள்ளையோ. எந்த ஊரிலோ அவன் வீட்டில் இன்னும் வழி பார்த்துக்கொண்டிருப்பார்கள். முப்பது நாள் ஊரே ஜெபம் பண்ணியிருக்கிறது. ஒரு ஜெபம்கூட அவன் பேருக்குப் போய்ச் சேரவில்லை. "உன் முகத்தை ஒரு தடவை பாத்திருக்கலாமேடா" என்று மண்ணைத் தடவிக்கொண்டு அழுதார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

பியோன்னாவோ வேறு கணக்கில் இருந்தார். மன்றத்துக்கு முந்தின நாள் முகம் மலர்ந்து வந்தார். அதைப் பார்த்தே ஆயருக்குப் பயமாகிவிட்டது.

"சாமி, வழி கிடைச்சிருச்சு! ஓஸ்மெர் செத்தான்னு சொன்னது நீங்க. டெட்டா கள்ளைக் குடிச்சா செத்தவன் எந்திரிப்பான்னு சொன்னதும் நீங்க. ரெண்டும் செல்லும். நாளைக்கு எல்லாரும் பாக்க ஒரு குவளை குடுக்கறோம். அவன் உயிர்த்தெழுந்துர்றான். வார்த்தையும் பொய்யாகல, ஆளும் பொழைச்சான். அற்புதம்! நீங்க புனிதராயிருவீங்க சாமி!"

"அவன் சாகவே இல்லையேய்யா."

"அது நமக்குள்ள."

மறுநாள் குன்றின்மேல் மன்றம் கூடியது. நாட்டாமை ஹுஸ்ஸா கல்லில் உட்கார்ந்திருந்தார். தீர்ப்பை விரைவாகச் சொல்லிவிட்டு வேட்டைக்குப் போகிற மனிதர். பியோன்னா குவளையை ஓஸ்மெர் கையில் கொடுத்தார். பல நாள் வெறும் தண்ணீரே குடித்திருந்தவன், ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டான்.

"எழுந்துட்டான்! எழுந்துட்டான்!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. அவன் காலையிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தான்.

எக்கா அசையவில்லை. "எழட்டும், சந்தோசம். ஆனா செத்து எழுந்தவன் இன்னைக்குப் பொறந்தவன் மாதிரிதானே? இன்னைக்குப் பொறந்தவனுக்கு மடை ஏது, வீடு ஏது?"

ஹுஸ்ஸா தாடியைச் சொறிந்தார். "சரியாத்தான் படுது."

பியோன்னாவுக்கு அதிலும் குறையில்லை. "பரவாயில்ல, அவன் கோயில் வாசல்ல உக்காரட்டும். உயிர்த்தெழுந்த மனுசனைத் தொட்டுக் கும்பிட எங்கெங்கிருந்தெல்லாம் ஆளு வரும்!"

"ஆயுசு முழுக்க என்னைக் கண்டவனும் தொடணுமா?" ஓஸ்மெருக்கு அழுகை வந்துவிட்டது. "சாமி, நான் விலாங்கு பிடிக்கிறவன் சாமி. நான் சாகல சாமி. சொல்லுங்க சாமி."

எல்லோரும் ஆயரைப் பார்த்தார்கள். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், புனிதர் டூடா. டூடா ஓஸ்மெரைப் பார்த்தார். தொப்பியை இல்லை, சட்டையை இல்லை, முகத்தை. நிதானமாக, அந்த முன்பல் இல்லாத வாய் வரைக்கும் பார்த்தார். பிறகு செங்கோலைப் புல்லில் கிடத்தினார்.

"நாட்டாமை, ஆயர் வார்த்தையை எதுத்துப் பேச யாருக்கும் உரிமை இல்ல, சரிதானே?"

"சரிதான்."

"அப்ப ஆயர் பேசல. பன்றிக்காரர் மகன் டூடா பேசுறான். மத்தவங்க மாதிரி சத்தியம் பண்ணிப் பேசுறேன். ஆண்டவர் அறிய, நான் பாக்காம பேசுற முட்டாள். பொணத்தோட முகத்தைப் பாக்கல. அங்கியைப் பாத்துட்டுச் சொன்னேன். இவன் ஓஸ்மெர், உசிரோடதான் இருக்கான். அப்பவும் உசிரோடதான் இருந்தான்."

ஹுஸ்ஸா கல்லைவிட்டு எழுந்தார். "பன்றிக்காரர் மகன் சத்தியத்துக்குப் பன்னெண்டு பேரு வேணுமே. இவர் முட்டாள்னு சத்தியம் பண்ண யாரு வர்றீங்க?"

ஒருவரும் நகரவில்லை. ஆயரை முட்டாள் என்றால் நரகம். அதோடு, அவர் வாயால் லாபம் கண்டவர்கள் பாதிப்பேர் அங்கே நின்றார்கள். பசுக்காரன் மெல்ல மரத்துக்குப் பின்னால் போய்விட்டான்.

முதலில் வந்தது பியோன்னா. முகம் சுண்டிப்போயிருந்தது. ஒரு புனிதரைக் கையில் வைத்திருந்து நழுவவிட்டவர் அல்லவா. ஆயர் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இத்தனை வருசம் கூடவே இருந்து சோறு போட்டிருக்கேன். ஆண்டவர் அறிய, இவர் முட்டாள்தான்" என்றார்.

பியோன்னாவே சொல்லிவிட்டார் என்றதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பசுவை இழந்தவன் வந்தான். ஆயர் ஞானஸ்நானத்தில் பெண் குழந்தைக்கு ஆண் பெயர் வைத்துவிட்ட வீட்டுக்காரன் வந்தான். தேனடைக்குப் பதிலாக மெழுகைக் கடித்துவிட்டு, "தேன் சுத்தமில்ல" என்று அவர் சொன்னதால் வியாபாரம் படுத்துப்போன தேன்காரன், இரண்டு தடவை சத்தியம் பண்ணலாமா என்று கேட்டான். பதினொரு பேர் சேர்ந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் வரவில்லை.

எக்கா சிரித்தான். "ஒரு ஆள் குறையுதே, சாமி."

டூடா தலையை ஆட்டினார். "தெரியும்ப்பா. ஆனா சத்தியம்னு ஆரம்பிச்சிட்டேன், பாக்கியையும் சொல்லி முடிச்சிர்றேன். பசு உன்னோடது இல்ல, மரத்துக்குப் பின்னால நிக்காதே. தேன் நல்ல தேன். அப்புறம் எக்கா, உன் கிடா. அது வெள்ளாடு இல்லப்பா. நாட்டுலயே அழகான செம்மறிக்கிடா. நான் பாக்காம சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிரு."

எக்காவின் முகம் மாறியது. எத்தனை வருடம் தூக்கமில்லாமல் காத்திருந்த வார்த்தை! மடை மறந்தது, வீடு மறந்தது, தம்பி மறந்தது. "அப்பவே சொன்னேன்ல!" என்று குதித்தான். "ரோமத்தை இழுத்து இழுத்துக் காட்டினேன்ல! ஒருத்தனாவது கேட்டானா? செம்மறிடா அது! இந்த ஆளு பாக்காம பேசுற முட்டாளு! ஆண்டவர் அறிய முட்டாளு! எங்க வேணா சத்தியம் பண்ணுவேன்!"

"பன்னெண்டு" என்றார் ஹுஸ்ஸா.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எக்கா நின்ற இடத்திலேயே நின்றான்; தான் என்ன செய்தோம் என்று அவனுக்குப் புரிய, ஓஸ்மெர் வந்து, "ரொம்ப நன்றிண்ணே" என்று கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ராஜாவுக்கு விஷயம் போய், அவர் கோபமாகக் கத்தினாராம். வேறு ஆயரைப் போடலாமென்றால் மறுபடி அந்த இரண்டு மடாதிபதிகளும் வருவார்கள் என்று பியோன்னா ஞாபகப்படுத்த, கோபம் ஆறிவிட்டது. கல்லறையில் அந்தக் குழிமேட்டுக்கு டூடாவே தினமும் போய், "பேர் தெரியாத பானைக்காரன்" என்று சொல்லி ஜெபம் பண்ணினார். மற்றபடி அதற்கப்புறம் அவர் வார்த்தையை ஊரில் ஒருவரும் மதிக்கவில்லை; மனிதர் அவ்வளவு சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை. கூழாங்கற்களை ஆற்றில் எறிந்தார். கண்ட ஆட்டையெல்லாம் வாய்க்கு வந்த பேர் சொல்லிக் கூப்பிட்டார். "எது வேணா சொல்லுங்க சாமி, பன்னெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து சொல்லுங்க" என்று ஜனங்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

வயதாகி, ஒரு பனிக்காலத்தில், தேனீக் கூடுகளோடு பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பேச்சு நின்றதைக் கேட்டுத்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள். கோயிலில் கிடத்தித் துணி போர்த்தினார்கள். ஆனால் பியோன்னா மணி அடிக்க விடவில்லை. "முதல்ல ஓஸ்மெரைக் கூப்பிடுங்க" என்றார்.

ஓஸ்மெர் ஈரக்காலோடு வந்தான். துணியை விலக்கினான். குனிந்து அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தான். நெற்றி, மூக்கு, ஒருபோதும் மூடாமல் அன்று மூடியிருந்த வாய், எல்லாம் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் பார்த்தான்.

"நல்லாப் பாத்துட்டேன்" என்றான். "அவருதான்."

டெட்டா கையில் ஒரு குவளையோடு வந்திருந்தாள். மன்றத்தில் எல்லாவற்றையும் திருத்திய மனிதர், அவள் கள்ளைப் பற்றிச் சொன்னதை மட்டும் திருத்தவே இல்லை. அவள் விரலை நனைத்து அவர் உதட்டில் தடவினாள். சிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எக்காகூட எட்டிப் பார்த்தான்.

அவர் எழவில்லை.

"எங்கிட்டயும் பாக்காமதான் சொன்னீங்களா சாமி?" என்று கேட்டு டெட்டா அழுதாள். பிறகு மிச்சத்தை ஊரார் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். பியோன்னா இரண்டு வாய் குடித்துவிட்டுத் தானே போய் மணி அடித்தார்.